மகிழ மரத்தடிச் சத்தியம்

டிஸ்கி: கடவுள் உண்டா இல்லையா என்று சண்டை போடுகிற பதிவு இல்லை இது. அந்தச் சண்டையைப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. நீளம் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளவும்.

திருவொற்றியூர்க்காரங்களுக்கு சத்தியம் என்றால் உடனே ஞாபகம் வருவது ஒரு மரம். தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் இருக்கிற மகிழ மரம். சின்ன வயசில் நான் ஏதாவது திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டால் எங்கம்மா கேட்பது ஒரே கேள்விதான். "மகிழ மரத்தடியில வந்து சொல்றியா?" அவ்வளவுதான், உண்மை தானாக வெளியே வந்துவிடும். சுந்தரருக்கே கண்ணு போச்சு, நாம எம்மாத்திரம்!

கதை தெரியாதவங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேக்கிழார் 12ம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் சொன்னது. சுந்தரர் திருவொற்றியூர் வருகிறார். கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுக்கிறார். அவருக்கு ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்கிறார். இருந்தும் சிவனிடமே போய் பெண் கேட்டு வைக்கச் சொல்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் வந்து சொல்ல, அவர் நியாயமாகக் கேட்கிறார்: அவருக்குத்தான் ஆரூரில் ஒருத்தர் இருக்கிறாரே, நாளைக்கு என்னை விட்டுட்டுப் போயிட்டா? 'உன்னைப் பிரிய மாட்டேன்னு சத்தியம் செய்து தருவான்' என்கிறார் சிவன்.

இங்கதான் மேட்டரே. சுந்தரர் ஒரு தில்லுமுல்லு யோசிக்கிறார். மற்ற ஊர்க் கோயில்களுக்குப் போகாமல் இங்கேயே கிடக்க முடியாதே! அதனால் சிவனிடம், "நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீங்க உள்ளே இருக்காதீங்க, கொஞ்ச நேரம் அந்த மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க" என்று ஏற்பாடு செய்துகொள்கிறார். சாமி இல்லாத சன்னதியில் செய்த சத்தியம் செல்லாதில்லையா! சிவனும் சரி என்றுவிட்டு, நேராகச் சங்கிலியார் கனவில் போய் 'சன்னதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்' என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் கோயிலில் தோழிப் பெண்கள் 'சாமி முன்னாடி எதுக்கு, மகிழடியே போதும்' என்றதும் சுந்தரருக்கு வேறு வழி இல்லை. சத்தியம் செய்தார். வசந்தம் வந்தது, ஆரூர் ஞாபகம் வந்தது, கிளம்பினார். ஒற்றியூர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. அப்புறம் ஒரு கண் காஞ்சியில், மறு கண் திருவாரூரில் திரும்பக் கிடைத்தது தனிக்கதை. இன்றைக்கும் மாசித் திருவிழாவில் 'மகிழடி சேவை' இந்தக் கதையைத்தான் நடத்திக் காட்டுகிறது.

நான் இந்தக் கதையோடு வளர்ந்தவன். அப்பா தினமும் தேவாரம் சொல்லுவார். கார்த்திகைப் பௌர்ணமியில் ஆதிபுரீசுவரருக்குக் கவசம் எடுக்கும் மூன்று நாளும் எங்க வீட்டில் யாரும் வேறு எங்கேயும் போக மாட்டோம். நெற்றியில் விபூதி இல்லாமல் நான் வேலைக்குப் போனதே இல்லை.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் எங்க பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு டேங்க் மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்த காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருத்தர் கீழே விழுந்து இறந்துபோனார். சேஃப்டி பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார். பெல்ட் யாருக்குமே கொடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் என் மேஜைக்கு ஒரு பேப்பர் வந்தது. 'பெல்ட் கொடுக்கப்பட்டது, அவர் போட்டுக்கொள்ளவில்லை' என்று டைப் அடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நெற்றியில் விபூதியோடுதான் போட்டேன். அதை இங்கே பதிவு செய்தே ஆகவேண்டும்.

நஷ்டஈட்டு விசாரணை வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் என் நம்பிக்கை போய்விட்டிருந்தது. இந்தச் சம்பவத்தால் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பொய். லைப்ரரியில் படித்தது, யோசித்தது, ஒருநாள் கும்பிடும்போது அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பட்டது, அவ்வளவுதான். விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். 'கடவுள் பெயரால்' என்பதா, 'உளமார' என்பதா என்று கேட்டார்கள். 'உளமார' என்றேன். பெல்ட் கொடுக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. கடவுளும் இல்லைங்கிறீங்க. எதை சார் நம்பறது?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் எங்கம்மா அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: "சாமி மேல சத்தியம் பண்ணலன்னா, அப்ப யாருக்குப் பயந்துடா உண்மையச் சொன்ன?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் சரித்திரம் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், அந்த வக்கீல் கேட்டது ஒன்றும் புதுசு இல்லை என்று தெரிந்தது. சட்டத்துக்கே இந்தச் சந்தேகம் பல நூறு வருஷமாக இருந்திருக்கிறது.

1744ல் லண்டனில் ஒரு வழக்கு, ஓமிசந்த் எதிர் பார்க்கர். கல்கத்தா வியாபாரம் சம்பந்தப்பட்டது. இந்துக்கள் தங்கள் முறைப்படி சத்தியம் செய்து சொன்ன சாட்சி இங்கிலாந்தில் செல்லுமா என்பது கேள்வி. பைபிளைத் தொடாதவன் பேச்சு செல்லாது என்பது அதுவரை இருந்த வழக்கம். நீதிபதிகள் 'செல்லும்' என்றார்கள். எப்படி? ஏதோ ஒரு கடவுளை நம்பி, பொய் சொன்னால் அந்தக் கடவுள் தண்டிப்பார் என்று பயப்படுகிறவனாக இருந்தால் போதும் என்று. அதாவது எந்தச் சாமி என்பது முக்கியமில்லை, பயம்தான் முக்கியம். எங்கம்மா சொன்னதும் அதுதானே!

ஆனால் சாமியே இல்லை என்பவன்? அவன் வார்த்தைக்கு மதிப்பில்லை. இங்கிலாந்தில் 1869 வரை நாத்திகர்கள் கோர்ட்டில் சாட்சி சொல்லவே முடியாது. அவன் வீட்டில் திருடு போனால்கூட அவன் சாட்சி எடுபடாது!

நம்ம ஊரில் கம்பெனி ஆட்சிக் காலத்தில் கங்கைத் தண்ணீரை வைத்து இந்துக்களிடமும், குரானை வைத்து முஸ்லிம்களிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். 1840ல் அதை நிறுத்தி, 'எல்லாம் வல்ல கடவுள் முன்னிலையில்' என்று உறுதிமொழி கொண்டுவந்தார்கள். 1873 சட்டத்தில் சத்தியம் செய்ய ஆட்சேபணை இருக்கிறவர்கள் உறுதிமொழி மட்டும் சொன்னால் போதும் என்று ஆனது. (சினிமாவில் பகவத் கீதை மேல் கை வைக்கிறார்களே, இன்றைய சட்டம் சொல்லும் வாசகத்தில் எந்தப் புத்தகமும் கிடையாது. ஏமாந்தது நான் மட்டும் இல்லையே? :-))

இதெல்லாம் கோர்ட். ஊருக்குள் என்ன நடந்தது?

எனக்கு முன்னாலேயே இந்தக் கேள்வியோடு ஒற்றியூர் வீதியில் நடந்தவர்களில் முதலாவதாக நான் நினைப்பது வள்ளலாரை. ஏழுகிணறு பக்கம் குடியிருந்த இராமலிங்கர், இளவயதில் அங்கிருந்து ஒற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வந்துபோனவர். அவர் கடவுளை விடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிற்காலத்தில் சாதி, சமயச் சடங்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஒழுக்கத்துக்கு அடிப்படை என்று அவர் கை காட்டியது ஒரே ஒரு இடத்தை: பக்கத்தில் இருக்கிறவன் பசி. அதைப் பார்த்து உருகுவதுதான் வழிபாடு என்றார். சொன்னதோடு நிற்காமல் 1867ல் வடலூரில் தருமசாலை ஆரம்பித்தார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. மோட்சத்துக்காகச் சோறு போடு என்பதற்கும், பசிக்கிறது அதனால் போடு என்பதற்கும் எவ்வளவு தூரம்!

அடுத்த கட்டம் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. 1880களில் சென்னையில் 'இலௌகிக சங்கம்' என்று ஒன்று இருந்தது. பெரியார் குழந்தையாக இருந்த காலம்! இவர்கள் 1882லிருந்து 1888 வரை தமிழில் 'தத்துவ விவேசினி', இங்கிலீஷில் 'தி திங்க்கர்' என்று பத்திரிகை நடத்தினார்கள். சாதி, குழந்தைக் கல்யாணம், ஜோசியம் எல்லாவற்றையும் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் மறந்து கிடந்த அந்த இதழ்களைப் பேராசிரியர் வீ. அரசு தொகுத்து 2012ல் நியூ செஞ்சுரி புத்தகமாக வந்தது. பழைய வாசகம் பழக ரெண்டு நாள் ஆகும், அப்புறம் கீழே வைக்க முடியாது.

இவர்களுக்கு ஆதர்சம் இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் பிராட்லா. அந்த ஆள் கதை நம்ம சுந்தரர் கதைக்கு நேர் தலைகீழ். 1880ல் பார்லிமெண்டுக்கு ஜெயித்தார். 'நான் நாத்திகன், கடவுள் பெயரில் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் எடுக்கிறேன்' என்றார். முடியாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நாத்திகன் செய்யும் சத்தியம் செல்லாது என்றார்கள்! ஒரு ராத்திரி பார்லிமெண்ட் மணிக்கூண்டில் அடைத்தும் வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே ஜெயிக்கவைத்தார்கள். 1886ல்தான் உட்கார விட்டார்கள். 1888ல், யார் வேண்டுமானாலும் கடவுள் பெயர் இல்லாமல் உறுதி சொல்லலாம் என்று அவரே முன்னின்று சட்டம் கொண்டுவந்தார். விவேசினி வெளிவந்த வருஷங்கள் முழுக்க அங்கே இந்தச் சண்டைதான் நடந்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், மனசுக்குள் நாத்திகனாக இருந்துகொண்டு முதல் நாளே பேசாமல் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. வாயால் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்ததால்தான் ஆறு வருஷம் வெளியே நின்றார். அவரைத்தான் 'வார்த்தையை நம்ப முடியாதவன்' என்றார்கள்.

அப்புறம் நம்ம சிங்காரவேலர். 1860ல் மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீல் ஆனவர். சாதாரண வழியில் நாத்திகம் வந்தவர் இல்லை. நடுவில் பௌத்தம் வந்தது, மகாபோதி சங்கக் கூட்டங்களை வீட்டிலேயே நடத்தினார். அதையும் தாண்டித்தான் பொருள்முதல்வாதத்துக்கு வந்தார். 1921ல் வக்கீல் தொழிலை உதறினார். 1923ல் இந்தியாவிலேயே முதல்முறையாகச் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1928ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக அவருக்குப் பத்து வருஷம் தண்டனை போட்டார்கள், பிறகு அதைக் குறைத்தார்கள். அப்போது அவருக்கு வயசு 68. எங்கம்மா கேள்வியை இவர்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன். சொர்க்கம் இல்லை, மறுபிறப்பு இல்லை, புண்ணியக் கணக்கு இல்லை. யாருக்குப் பயந்து அந்த வயசில் ஜெயிலுக்குப் போனார்? பயம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதற்கு விளக்கம் சொல்லவே முடியாது. ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸுக்கு 'சிங்காரவேலர் மாளிகை' என்று பெயர். பட்டாவுக்கும் சர்டிபிகேட்டுக்கும் அலையும்போது நிமிர்ந்து பாருங்கள்.

கடைசியாக ராயபுரம். 1949 செப்டம்பரில், கொட்டுகிற மழையில் ராபின்சன் பூங்காவில் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கிவைத்துப் பேசினார். 1950ல் வந்த நம்ம அரசியல் சட்டம், பதவி ஏற்கும்போது இரண்டு வாசகம் வைத்திருக்கிறது: கடவுள் பெயரால், அல்லது உளமார. 1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுத்தார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் 'உளமார' என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த வார்த்தை.

இதோடு நிறுத்தினால் 'நாத்திகர்கள் எல்லாம் உத்தமர்கள்' என்று முடிந்துவிடும். முடியாது மக்களே. உளமார என்று சொல்லிவிட்டு ஊரை ஏமாற்றியவர்களும் உண்டு, கடவுள் பெயரால் என்று சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டு. என் விசாரணையிலேயே எனக்கு முன்னால் உண்மையைச் சொன்னவர் ராயபுரத்துக் கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர். இராயப்பர் பெயரைத் தாங்கிய ஊர்க்காரர் ஆச்சே, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் சாட்சி சொன்னார். முதல் நாளே டைப் அடித்த பேப்பரில் கையெழுத்துப் போட மறுத்தவரும் அவர்தான். பக்தி அவரைத் தாங்கியது. அதே மாதிரி பக்தி என்னைத் தாங்கவில்லை. ஆக, சாமி உண்டு இல்லை என்பதை வைத்து இதை அளக்க முடியாது.

அப்படி என்றால் எதை வைத்து?

1969ல் வந்த சத்தியப் பிரமாணச் சட்டத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை சாட்சி சொல்ல வந்தால், 'உண்மை பேசணும்' என்பது அதற்குப் புரிகிறது, ஆனால் சத்தியம் என்றால் என்ன என்று புரியவில்லை என்று நீதிபதிக்குப் பட்டால், சத்தியம் வாங்காமலேயே சாட்சியை எடுத்துக்கொள்ளலாம். சட்டம் எழுதினவர்கள் தத்துவம் எழுத நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எழுதிவிட்டார்கள்! உண்மை பேச வேண்டும் என்ற உணர்வு முதலில் வருகிறது, சாமியும் சத்தியமும் அதற்கு அப்புறம் வருகின்றன. அதே சட்டம், சத்தியம் வாங்க விட்டுப்போனாலும் உண்மை பேசும் கடமை போகாது என்றும் சொல்கிறது.

காசிமேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். போட் கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விட்டு, டீசல் ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். பெரும்பாலும் வாய்க்கணக்குதான். அங்கே கற்பூரம் அடித்து யாரும் சத்தியம் வாங்குவதில்லை. நாளைக்கு அதே ஆளோடுதான் கடலுக்குப் போகணும், தவறி விழுந்தால் கை கொடுக்கப்போவது அவன்தான். படகில் ஏறும்போது மாதாவையும் கும்பிடுவான், அம்மனையும் கும்பிடுவான். ஆனால் பங்கு நேர்மையாக இருப்பது எதிரே நிற்கிற ஆளால்.

இப்போது திரும்ப மகிழ மரத்தடிக்கு வாருங்கள். சுந்தரர் சாமிக்குப் பயப்படாதவரா? சாமியோடு நண்பனாகப் பழகியவர். அவரே, சாமி உள்ளே இல்லாத நேரம் பார்த்துச் சத்தியம் செய்யலாம் என்று ஓட்டை தேடினார். பயத்தால் வரும் நேர்மை எப்பவும் ஓட்டையைத் தேடும். விசாரணைக்கு முந்தின நாள் எனக்கும் ஒருத்தர் ஓட்டை காட்டினார்: "உண்மையும் சொல்ல வேணாம், பொய்யும் சொல்ல வேணாம். 'ஞாபகம் இல்லை'ன்னு சொல்லிடுங்க. பொய் ஆகாது." நான் ராத்திரி முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். காலையில் அதைச் சொல்லத்தான் போனேன்.

அங்கே போனால் பெஞ்சில் இறந்தவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பையன். அவர் என்னை முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். 'ஞாபகம் இல்லை' என்பது வாயிலிருந்து வரவில்லை.

தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. என் சாட்சியால்தான் என்று மார் தட்ட மாட்டேன். பெல்ட் வாங்கியதற்கு ஒரு ரசீதுகூட கம்பெனியால் காட்ட முடியவில்லை. நான் ஆறு மாசத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டேன். முதலில் போட்ட கையெழுத்தால் அந்த அம்மா இரண்டு வருஷம் அலைந்தாரே, அது என் கணக்கில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போனால் பரிகாரம் செய்து கழித்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. மதத்தை விட்டதில் கஷ்டமான விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

போன வருஷம் மாசித் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முட்டி வலி, தனியாக நடக்க முடியாது. கூட்டத்தில் ஒரு ஓரமாக நிறுத்தி மகிழடி சேவை பார்க்க வைத்தேன். அங்கேயே அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "அன்னைக்கு யாருக்குப் பயந்து சொன்னேன்னு கேட்டியேம்மா, யாருக்கும் பயந்து இல்ல. அந்த அம்மா பாத்துட்டு இருந்தாங்க."

அம்மா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அதைத்தானடா இந்தக் கதையும் சொல்லுது. சாமி சிநேகிதன் பக்கமா நின்னுச்சு? சங்கிலி பக்கம்தானே நின்னுச்சு. நீ சின்ன வயசுல இத எத்தினி தபா கேட்டிருப்ப!"

வக்கீலுக்குப் பதில் சொல்ல முடியாத மாதிரியே இதற்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெஞ்சைப் பார்க்கிற கண்ணை எனக்குக் கொடுத்தது இந்தக் கதையும், இதைச் சொல்லி வளர்த்த அம்மாவும்தான் என்றால், நான் மறுக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் இந்தக் கதை எனக்குத் தெரிந்துதானே இருந்தது? அன்றைக்கு அந்த அம்மா என் எதிரே இல்லை, பேப்பர் மட்டும்தான் இருந்தது.

உங்க ஊரில் சத்தியம் எங்கே வாங்குவார்கள்? எந்தக் கோயில், எந்த மரம், எந்த தர்கா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.